பழைய புத்தகமாக ஒரு மருத்துவப் புதிர்: நான்கு நூல்களில் எது?

துப்பறியும் நாவலைப் பழைய புத்தகமாக வாங்குவதில் சிக்கல் எதுவும் இல்லை. கொலையாளி யார் என்பது ஐம்பது ஆண்டுகள் கழித்தும் மாறப்போவதில்லை. கடைசிப் பக்கம் கிழியாமல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதும். ஒரு நோயின் மர்மத்தைத் துலக்கப் புறப்பட்ட உண்மைக் கதையை அவ்வளவு எளிதாக வாங்கிவிட முடியாது. நூல் அச்சேறிய பிறகும் நோய் இருந்துகொண்டிருக்கிறது, ஆய்வும் நடந்துகொண்டிருக்கிறது. ஆசிரியர் “இன்னும் தெரியவில்லை” என்று விட்ட இடத்துக்கு இன்று விடை கிடைத்திருக்கலாம்; அவர் விடை என்று நம்பியதை இன்று யாரும் ஏற்காமலும் போயிருக்கலாம். ஆகவே இந்த வகையில் எந்த நூல் என்பதோடு, அது எந்த ஆண்டில் எழுதப்பட்டது, கையில் இருப்பது எந்தப் பதிப்பு என்பதையும் சேர்த்தே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

பழைய ஆங்கிலப் புத்தகங்களைத் தேடுகிறவர்கள் இந்த நான்கில் ஒன்றையாவது பார்த்திருப்பார்கள்: டி. டி. மேக்ஸ் எழுதிய ‘தி ஃபேமிலி தட் குடன்ட் ஸ்லீப்’ (2006), ஸ்டீவன் ஜான்சனின் ‘தி கோஸ்ட் மேப்’ (2006), சூசன்னா கஹாலனின் ‘பிரெய்ன் ஆன் ஃபயர்’ (2012), ஆலிவர் சாக்ஸின் ‘அவேக்கனிங்ஸ்’ (1973). ஒன்றே ஒன்றுதான் வாங்குவேன் என்கிறவருக்கு நான் முதல் நூலைத்தான் கைகாட்டுவேன். அதற்கான காரணங்களைச் சொல்லும்போது அதன் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். சிலருக்கு அந்தக் குறைகளே போதும், வேறொன்றை எடுத்துக்கொள்வதற்கு.

மேக்ஸின் நூல் இத்தாலியின் வெனெட்டோ பகுதியைச் சேர்ந்த ஒரு குடும்பத்தைப் பற்றியது. நடுவயதை எட்டும்போது அந்தக் குடும்பத்தில் சிலருக்குத் தூக்கம் நின்றுபோகிறது. தூக்கம் குறைவதோ கெடுவதோ அல்ல, அடியோடு நின்றுவிடுகிறது. கண்ணின் பாவை ஊசிமுனையாகச் சுருங்குகிறது, வியர்வை ஆறாகப் பெருகுகிறது, கழுத்து விறைக்கிறது. தூக்க மாத்திரை கொடுத்தால் நிலைமை இன்னும் மோசமாகிறது. விழிப்பும் கனவும் கலந்த ஒரு நிலையில் கைகள் மட்டும் தலை வாருவது போலவோ பொத்தான் போடுவது போலவோ அசைந்துகொண்டிருக்கும். சில மாதங்களிலிருந்து ஒன்றிரண்டு ஆண்டுகளுக்குள் மரணம். அறிவு பெரும்பாலும் கடைசிக் கட்டம் வரை தெளிவாக இருப்பதால், தனக்கு என்ன நடக்கிறது என்பது நோயாளிக்குத் தெரிந்தே இருக்கும். தந்தை அல்லது தாய்க்கு இந்த மரபணுப் பிறழ்வு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர ஐம்பது சதவிகித வாய்ப்பு.

இந்தக் குடும்பத்தில் பெண் எடுத்த இக்னாசியோ ரோய்ட்டர் என்ற மருத்துவர்தான் முதலில் இதைத் தனியொரு நோயாகப் பார்த்தவர். அவரும் மனைவியும் பங்கு ஆலயத்தின் பழைய இறப்புப் பதிவேடுகளைப் புரட்டுகிறார்கள். வலிப்பு, காய்ச்சல், மனநோய் என்று ஒவ்வொரு தலைமுறையிலும் வெவ்வேறு பெயரில் எழுதப்பட்ட மரணங்கள் ஒரே வரிசையில் வந்து நிற்கின்றன. அந்தக் கோடு 1765இல் வெனிஸில் இறந்த ஒரு மருத்துவர் வரை போகிறது. நான்கு நூல்களிலும் எனக்கு மிகவும் பிடித்த துப்பறிதல் இதுதான். இந்த வேலைக்கு நுண்ணோக்கி வேண்டியதில்லை. பழைய இலத்தீன் கையெழுத்தும் பொறுமையும் போதுமாக இருந்தன. 1984இல் குடும்பத்தில் ஒருவர் பொலோன்யாவில் எலியோ லுகாரெசியின் தூக்க ஆய்வு மையத்தில் அனுமதிக்கப்படுகிறார். அவருடைய கடைசி மாதங்கள் படம்பிடிக்கப்படுகின்றன. இறந்த பிறகு மூளை அமெரிக்காவின் கிளீவ்லாந்துக்கு, பியர்லூய்ஜி காம்பெட்டியிடம் போகிறது. மூளையின் நடுவிலிருக்கும் தாலமஸ் பகுதி மட்டும் அரித்துப்போயிருக்கிறது. 1986இல் நோய்க்குப் பெயர் கிடைக்கிறது. 1992இல் மரபணுப் பிறழ்வும் கண்டுபிடிக்கப்படுகிறது. காரணம் பிரையான் என்னும் கோணலாக மடிந்த புரதம்.

இந்த இடத்தில் நூல் வெனிஸை விட்டுக் கிளம்புகிறது. வாங்கலாமா வேண்டாமா என்பதை முடிவு செய்வதும் இந்த இடம்தான். பப்புவா நியூ கினியின் மலைநாட்டில் ஃபோரே மக்களிடம் பரவிய குரு என்ற நோய். பிரிட்டனின் செம்மறியாடுகளை இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக வாட்டிய ஸ்கிரேப்பி. 1986இல் வெளிப்பட்ட மாட்டுப் பித்து நோய். இந்த மூன்றும் இத்தாலியக் குடும்பத்தின் தூக்கமின்மையும் ஒரே வகைப் புரதக் கோளாறு என்பதுதான் நூலின் பெரிய வெளிச்சம். 1957இல் வின்சென்ட் சிகாஸ், கார்ல்டன் காஜ்டுசெக் என்ற இரண்டு மருத்துவர்கள் குருவைப் பற்றி எழுதியபோது, ஆண்டுக்கு ஏறத்தாழ 200 பேர் அதனால் இறந்துகொண்டிருந்தார்கள். பெரும்பாலும் பெண்களும் சிறுவர்களும். பரம்பரை நோய் என்று முதலில் நினைத்தார்கள். 1960களின் தொடக்கத்தில் மானிடவியலாளர்களான ஷெர்லி லிண்டன்பாமும் ராபர்ட் கிளாஸும் கிராமம் கிராமமாகப் போய் உறவுமுறைகளையும் முதியவர்களின் நினைவுகளையும் கேட்டு எழுதினார்கள். நோய் வந்து சில தலைமுறைகள்கூட ஆகவில்லை, இறந்தவர்களை உறவினர் உண்ணும் ஈமச் சடங்கு பரவிய வழியில்தான் நோயும் பரவியிருக்கிறது என்பது அப்போதுதான் துலங்கியது. சடங்கில் மூளையை உண்டவர்கள் பெண்களும் பிள்ளைகளும்.

1959இல் வில்லியம் ஹாட்லோ என்ற அமெரிக்கக் கால்நடை மருத்துவர் லண்டனில் ஒரு கண்காட்சியில் குரு நோயாளியின் மூளைப் படங்களைப் பார்க்கிறார். ஓட்டை ஓட்டையாக இருக்கும் அந்த மூளையை அவர் ஏற்கெனவே ஆடுகளில் பார்த்திருக்கிறார். ‘லான்செட்’ மருத்துவ இதழுக்கு ஒரு கடிதம் எழுதுகிறார். அந்தக் கடிதத்தால்தான் காஜ்டுசெக் குழு சிம்பன்சிகளுக்கு நோயைச் செலுத்திப் பார்க்கிறது. 1966இல் குரு தொற்றும் என்று நிறுவப்படுகிறது. காஜ்டுசெக்குக்கு 1976இல் நோபல் பரிசு. மனித மருத்துவர்கள் தவறவிட்டதைக் கால்நடை மருத்துவர் பிடித்தார் என்பதை நூல் ஆர்ப்பாட்டமில்லாமல் சொல்லிச் செல்கிறது. 1982இல் பிரையான் என்ற பெயரைச் சூட்டியவர் ஸ்டான்லி புரூசினர், டி.என்.ஏ.வும் ஆர்.என்.ஏ.வும் இல்லாத வெறும் புரதம் நோயைப் பரப்பும் என்று அவர் சொன்னபோது பலர் சிரித்தார்கள். 1997இல் அவருக்கும் நோபல். இந்த இருவரையும் மேக்ஸ் தெய்வங்களாக்கவில்லை. காஜ்டுசெக் சிறுவர்களிடம் தவறாக நடந்துகொண்ட வழக்கில் 1997இல் சிறை சென்றவர் என்பதும் நூலில் இருக்கிறது. அறிவியல் நூல்களில் இவ்வளவு நேர்மை அடிக்கடி காணக்கிடைப்பதில்லை.

குறைகளும் இருக்கின்றன. நடுப்பகுதியில் ஆட்டினங்களின் வளர்ப்பு வரலாறு வரும்போது வேகம் தளர்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டில் ராபர்ட் பேக்வெல் நெருங்கிய இரத்த உறவுக்குள்ளேயே ஆடுகளை இனச்சேர்க்கை செய்த கதை எனக்குச் சுவையாக இருந்தது. மர்மம் எங்கே போயிற்று என்று கேட்கிறவர்களும் இருப்பார்கள். தமக்கும் நரம்புத்தசை நோய் ஒன்று இருப்பதை மேக்ஸ் சொல்லும் பகுதி மனத்தைத் தொடுகிறது, ஆனால் பிரையான் கதையோடு முழுவதும் ஒட்டவில்லை.

பழைய புத்தகமாக வாங்குகிறவர் கேட்க வேண்டிய பெரிய கேள்வி: 2006க்குப் பிறகு என்ன நடந்தது? நிறைய நடந்திருக்கிறது. குரு பரவிய பகுதியில் வாழும் சிலரின் பிரையான் மரபணுவில், நோயை எதிர்க்கும் ஒரு மாறுபாடு இருப்பது 2009இல் வெளியானது. சில தலைமுறைகளுக்குள் மனித உடலில் இயற்கைத் தேர்வு நடந்ததற்கு இதைவிடத் தெளிவான சான்று எளிதில் கிடைக்காது. பழைய பிரதியில் இது இருக்க வழியில்லை. அமெரிக்க மான்களில் பரவும் பிரையான் நோய் 2016இல் நார்வேயின் துருவமான் ஒன்றில் கண்டுபிடிக்கப்பட்டது. மாட்டிறைச்சி வழியாக மனிதருக்கு வந்த நோயில் பிரிட்டனில் மொத்தம் 178 பேர் இறந்தார்கள். நூல் எழுதப்பட்ட காலத்தில் அந்த எண்ணிக்கை எங்கே போய் நிற்குமோ என்ற அச்சம் இருந்தது. அந்த அச்சம் சில பக்கங்களில் படிந்திருக்கிறது, அதை இன்று கொஞ்சம் தள்ளுபடி செய்து படிக்க வேண்டும்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது சோனியா வல்லபின் கதை. 2010இல் அவருடைய தாய் இதே வகைப் பரம்பரை பிரையான் நோயில் இறந்தார். மறு ஆண்டு சோதித்துப் பார்த்ததில் தமக்கும் அந்தப் பிறழ்வு இருப்பது தெரிந்தது. சட்டம் படித்திருந்த அவரும், போக்குவரத்துத் திட்டமிடலில் இருந்த கணவர் எரிக் மினிகெலும் வேலையை விட்டுவிட்டு உயிரியல் படித்து, ஹார்வர்டில் முனைவர் பட்டம் பெற்று, இப்போது அமெரிக்காவின் பிராட் ஆய்வு நிறுவனத்தில் பிரையான் ஆய்வுக்கூடம் நடத்துகிறார்கள். பிரையான் புரதத்தின் அளவையே உடலில் குறைக்கும் ஒரு மருந்து மனிதர்களிடம் சோதனைக்கு வந்துவிட்டது. மேக்ஸின் நூல் நம்பிக்கையைத் தேடிக்கொண்டு முடிகிறது. அந்த நம்பிக்கைக்கு இப்போது ஓர் உருவம் இருக்கிறது. நூலைப் படித்து முடித்த கையோடு இந்த இருவரைப் பற்றி இணையத்தில் தேடிப் படித்துவிட்டால் பழைய பிரதியின் பெரிய ஓட்டை அடைபட்டுவிடும். இதற்காகப் புதிய பிரதிக்குக் கூடுதல் பணம் கொடுக்கத் தேவையில்லை.

ஓர் எச்சரிக்கை. இரவில் சரியாகத் தூக்கம் வராமல் அவதிப்படுகிறவர்கள் இதை வாங்காதீர்கள். இந்த நோய் உலகம் முழுவதிலும் சில பத்துக் குடும்பங்களில்தான் இருக்கிறது. உங்களுக்கு இருக்க வழியில்லை. ஆனாலும் நள்ளிரவு இரண்டு மணிக்கு அந்தக் கணக்கு யாருக்கும் ஆறுதல் தராது. அவர்களுக்கு அடுத்த நூலே நல்லது.

‘தி கோஸ்ட் மேப்’ சொல்வது 1854 ஆகஸ்ட் கடைசியில் லண்டனின் சோஹோ பகுதியில் வெடித்த காலராவை. பிராட் தெருவில் ஒரு கைக்குழந்தை வயிற்றுப்போக்கில் நோய்ப்படுகிறது. தாய் துணி அலசிய நீரைக் கழிவுக்குழியில் ஊற்றுகிறார். குழிக்கும் தெருக் குழாயின் கிணற்றுக்கும் இடையில் சில அடி தூரம்தான். பத்து நாளில் ஐந்நூறு பேர் அளவில் இறக்கிறார்கள், மொத்தம் 616. கெட்ட காற்றால்தான் நோய் வருகிறது என்று எட்வின் சாட்விக் போன்ற அதிகாரிகள் உறுதியாக நம்பிய காலம். தண்ணீர்தான் காரணம் என்றவர் ஜான் ஸ்னோ என்ற மருத்துவர். அதற்கு முந்திய ஆண்டுதான் விக்டோரியா அரசிக்குப் பிரசவத்தில் குளோரோஃபாம் கொடுத்தவர்.

இந்தக் கதையைப் பாடப்புத்தகங்கள் ஒரு வரியில் முடித்துவிடும்: ஸ்னோ வரைபடம் வரைந்தார், குழாயைக் கண்டுபிடித்தார், கைப்பிடியைக் கழற்றினார், நோய் நின்றது. நடந்தது அப்படி இல்லை என்பதைக் காட்டுவதுதான் ஜான்சனின் நூலுக்கு இருக்கும் மதிப்பு. செப்டம்பர் 8 அன்று கைப்பிடி கழற்றப்பட்டபோது நோய் ஏற்கெனவே இறங்குமுகத்தில் இருந்தது. புகழ்பெற்ற வரைபடம் அதற்குப் பிறகு வந்தது. ஸ்னோவை நம்பாமல் அவர் சொல்வது தவறு என்று நிரூபிக்கக் கிளம்பியவர் ஹென்றி வைட்ஹெட் என்ற இளம் பாதிரியார். வீடு வீடாகப் போய்க் கேட்டு, கடைசியில் அந்தக் கைக்குழந்தையின் மரணப் பதிவைக் கண்டுபிடித்து ஸ்னோவின் பக்கமே வந்து சேர்ந்தார். நோய் வராதவர்களைத் தேடிய விதமும் அருமை. அருகிலிருந்த மதுவடிப்புச் சாலைத் தொழிலாளர்கள் தப்பினார்கள், குழாய்த் தண்ணீரை அவர்கள் தொடவில்லை. தொலைவில் ஹாம்ப்ஸ்டெட்டில் இருந்த ஒரு விதவை இறந்தார், பிராட் தெருத் தண்ணீரின் சுவை பிடித்துப்போய்ப் புட்டியில் வரவழைத்துக் குடித்துவந்தவர் அவர்.

நான்கில் இது மட்டும் விடை முழுவதும் தெரிந்துவிட்ட புதிர். 1884இல் ராபர்ட் காக் கல்கத்தாவில் காலராக் கிருமியைப் பிரித்தெடுத்த பிறகு ஸ்னோவின் வாதத்துக்கு மறுப்பு மெல்ல மெல்ல ஓய்ந்தது. ஆகவே எந்த ஆண்டுப் பிரதியானாலும் கவலையில்லை. காலரா நமக்கு அந்நிய விஷயமும் இல்லை: அதன் நச்சைப் பரிசோதனையில் நிறுவியவர் கல்கத்தாவின் சம்புநாத் டே (1959), ஓ139 என்ற புதிய வகை முதலில் தெரியவந்தது 1992இல், சென்னையில். ஜான்சனின் நூலைக் கையில் எடுக்கும் தமிழ் வாசகர் இந்த இரண்டையும் மனத்தில் வைத்துக்கொண்டு படித்தால் லண்டன் அவ்வளவு தூரத்தில் தெரியாது.

நூலின் கடைசிப் பகுதி எனக்கு ஏமாற்றம். சோஹோ கதை முடிந்ததும் ஜான்சன் மாநகரங்களின் எதிர்காலம், பயங்கரவாதம், இணைய வரைபடம் என்று போய்விடுகிறார். 2006இல் அவை புதுமையாக இருந்திருக்கும். ஒரு பெருந்தொற்றைக் கடந்துவந்த நமக்கு ஊகங்கள் தேவைப்படவில்லை. யாராவது உங்களிடம் கடைசி அத்தியாயம் கிழிந்த பிரதியை மலிவாகக் கொடுத்தால் தயங்காமல் வாங்கலாம். வரைபடம் மட்டும் இருக்க வேண்டும்.

‘பிரெய்ன் ஆன் ஃபயர்’ நான்கிலும் வேகமாகப் படிக்கக்கூடியது. கஹாலன் ‘நியூயார்க் போஸ்ட்’ நாளிதழின் இளம் செய்தியாளர். 2009இல், 24 வயதில், மூட்டைப்பூச்சி கடித்ததாக ஒரு சந்தேகம், இடது கையில் மரமரப்பு, பிறகு காரணமில்லாத சந்தேகக் குணம், வலிப்பு, பிதற்றல். குடியும் வேலைப்பளுவும் என்று ஒரு மருத்துவர் சொல்கிறார், மனநோய் என்று இன்னொருவர். ஒரு மாதம் மருத்துவமனையில். கடைசியாக வந்த சுஹேல் நஜார் என்ற நரம்பியல் மருத்துவர் விலையுயர்ந்த கருவி எதையும் கேட்கவில்லை. ஒரு கடிகாரம் வரையச் சொன்னார். பன்னிரண்டு எண்களையும் வட்டத்தின் வலது பாதிக்குள்ளேயே திணித்து வரைந்தார் கஹாலன். மூளையின் வலப்பாகம் வீங்கியிருக்கிறது என்று அந்த ஒரு தாளிலிருந்து நஜார் கண்டுகொண்டார். உடலின் எதிர்ப்பொருள்களே மூளையைத் தாக்கும் இந்த நோயை ஜோசப் டால்மாவ் குழு விவரித்தது 2007இல்தான்; கஹாலன் உலகில் இந்த நோய் உறுதிசெய்யப்பட்ட 217ஆவது நபர். மூன்று ஆண்டுகள் முன்னால் வந்திருந்தால் மனநல விடுதி ஒன்றில் வாழ்நாளைக் கழித்திருக்கலாம்.

கடிகாரக் காட்சி ஒன்றுக்காகவே இதைப் படிக்கலாம். மறதியில் போய்விட்ட ஒரு மாதத்தை மருத்துவமனை ஒளிப்பதிவுகளையும் தந்தையின் நாட்குறிப்பையும் வைத்து அவர் மீட்டெடுக்கும் முறையும் நன்றாக இருக்கிறது. செய்தியாளர் தம்மைப் பற்றியே புலனாய்வு செய்கிறார். ஆனால் ஒருமுறை படித்தால் போதும், அலமாரியில் வைத்து மறுபடி எடுக்கும் நூல் இது இல்லை என்பது என் எண்ணம். மருத்துவம் அவருடைய அனுபவத்துக்குப் பின்னணியாக வருகிறதே தவிர, நோயின் முழு வரலாறு கிடைக்காது. அந்த எதிர்ப்பொருள் சோதனை இன்று இந்தியாவின் பெரிய ஆய்வகங்களிலும் செய்யப்படுகிறது. நோய் அன்றைப்போல அரிதாகக் கருதப்படுவதில்லை. நூலகத்தில் கிடைத்தால் எடுத்துப் படியுங்கள், நண்பரிடம் இருந்தால் கேட்டு வாங்குங்கள். வீட்டில் யாருக்காவது திடீரென்று நடத்தை மாறி, மனநல மருந்துகள் பலிக்காமல், வலிப்பும் சேர்ந்து வந்திருந்தால் மட்டும் உடனே படியுங்கள். அந்த நிலையில் நரம்பியல் மருத்துவரிடம் என்ன கேட்பது என்பதை இது கற்றுக்கொடுக்கும்.

‘அவேக்கனிங்ஸ்’ இவை மூன்றிலிருந்தும் விலகி நிற்கிறது. முதல் உலகப்போர்க் காலத்தில், 1917இல், வியன்னாவில் கான்ஸ்டன்டின் ஃபான் எகனாமோ ஒரு தூக்க நோயை விவரித்தார். 1920களின் பிற்பகுதிக்குள் அது வந்த சுவடே தெரியாமல் மறைந்தது. தப்பிப் பிழைத்தவர்களில் பலர் பின்னாளில் சிலைபோல் உறைந்துபோனார்கள். அவர்களில் சிலர் நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதி மருத்துவமனை ஒன்றில் பல பத்தாண்டுகளாக இருந்தார்கள். 1969இல் சாக்ஸ் அவர்களுக்கு எல்-டோபா மருந்தைக் கொடுத்தார். எழுந்தார்கள், பேசினார்கள், நடந்தார்கள். பிறகு நடுக்கமும் வெறியும் வந்தன, பலர் மீண்டும் உறைந்தார்கள். நூல் இருபது நோயாளிகளின் கதை.

என்ன மருந்து வேலை செய்தது என்பது தெரியும். அந்த நோய் எதனால் வந்தது என்பது இன்று வரை தெரியாது. இன்ஃபுளுவென்சாவோடு தொடர்பு உண்டா என்று நெடுங்காலம் வாதம் நடந்தது. கஹாலனுக்கு வந்ததைப் போன்ற எதிர்ப்பொருள் கோளாறாக அது இருந்திருக்குமோ என்று சில ஆய்வாளர்கள் கேட்டிருக்கிறார்கள். இரண்டு நூல்களையும் அடுத்தடுத்துப் படித்தால் அந்தக் கேள்வியின் கனம் தெரியும். 1973இல் சாக்ஸுக்கு அப்படிக் கேட்க வழியே இல்லை.

இலக்கியமாகப் பார்த்தால் நான்கிலும் உயரமானது இதுதான். ஆங்கில நாடகாசிரியர் ஹெரால்டு பின்டர் இதைப் படித்துவிட்டு 1982இல் ஒரு நாடகமே எழுதினார். படிக்கக் கடினமானதும் இதுதான். நரம்பியல் சொற்கள் பக்கத்துக்குப் பக்கம் வரும். அடிக்குறிப்புகள் சில இடங்களில் பக்கத்தையே விழுங்கிவிடும். புதிர் அவிழும் இன்பத்தை எதிர்பார்த்து இதை வாங்கினால் ஏமாற்றம்தான். பதிப்பு பார்த்து வாங்க வேண்டிய நூலும் இது ஒன்றுதான். சாக்ஸ் இதைப் பலமுறை திருத்தினார். 1990 பதிப்பில் பின்னிணைப்புகள் சேர்ந்தன. நாடகமாகவும் திரைப்படமாகவும் நூல் மாறிய கதை, மருந்துக்கு நோயாளிகள் ஏன் அப்படி எதிர்வினை செய்தார்கள் என்பது பற்றிய பிற்காலச் சிந்தனை எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. ராபின் வில்லியம்ஸ், ராபர்ட் டி நீரோ முகங்கள் அட்டையில் இருப்பதைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டாம். அட்டையைத் திருப்பிப் பதிப்புரிமைப் பக்கத்தில் 1990 இருக்கிறதா என்று பாருங்கள். எழுபதுகளின் பழுப்பேறிய பிரதி சேகரிப்பவருக்கு நல்லது, வாசகருக்கு அரைகுறை.

பொதுவாகப் பிரதியில் பார்க்க வேண்டியவை அதிகம் இல்லை. நடைபாதைக் கடைகளில் பிரபலமான தலைப்புகளுக்குத் திருட்டு அச்சு சகஜம். தாள் மெலிந்தும், எழுத்து ஒரு பக்கம் கறுத்தும் மறுபக்கம் வெளுத்தும் இருந்தால் விட்டுவிடுங்கள். ‘தி கோஸ்ட் மேப்’ நூலின் வரைபடம் அதில் மைக்கறையாகத்தான் வரும். பின்னாலிருக்கும் பெயரடைவும் குறிப்புகளும் முழுமையாக இருக்கின்றனவா என்று புரட்டிப் பாருங்கள். மேக்ஸின் நூலில் இத்தாலியிலிருந்து நியூ கினிக்கும் அங்கிருந்து இங்கிலாந்துக்கும் தாவும்போது யார் யார் என்று தேட அது வேண்டியிருக்கும். மருத்துவ மாணவர்கள் கோடிட்ட பிரதிகளை நான் ஒதுக்குவதில்லை. ‘அவேக்கனிங்ஸ்’ போன்ற நூலில் முந்திய வாசகர் ஓரத்தில் எழுதிவைத்த சொற்பொருள் சில நேரம் அகராதி எடுக்கும் வேலையை மிச்சப்படுத்தும். இணையத்தில் வாங்குவதானால் விற்பவரிடம் பதிப்புரிமைப் பக்கத்தின் படத்தை அனுப்பச் சொல்லுங்கள். அனுப்ப மறுப்பவரிடம் சாக்ஸை வாங்காதீர்கள்; மற்ற மூன்றையும் வாங்கலாம்.

விலை விஷயத்தில் ஒரு வார்த்தை. திரைப்படமான இரண்டு நூல்களும், ‘பிரெய்ன் ஆன் ஃபயர்’, ‘அவேக்கனிங்ஸ்’, எளிதில் கைக்கு வரும். அவற்றுக்குப் பேரம் பேச இடமுண்டு. மேக்ஸின் நூல் அவ்வளவு அடிக்கடி கண்ணில் படாது. நல்ல பிரதி கிடைத்தால் புதிய விலையில் பாதி வரை கொடுக்கலாம் என்பேன், அதற்கு மேல் வேண்டாம். கெட்டி அட்டைக்காகக் கூடுதலாகக் கொடுப்பதும் வீண்.

உயிரியலே ஆகாது, ஆனால் ஒரு புதிர் அவிழ்வதைப் பார்க்க வேண்டும் என்கிறவருக்கு ஜான்சன். பதின்ம வயதுப் பிள்ளைக்குப் பரிசாகக் கொடுப்பதானாலும் அதுவே. மற்ற மூன்றும் அந்த வயதுக்குக் கனமானவை. மொழிநடைக்காகப் படிக்கிறவர், முடிவு தெரியாமலே ஒரு நூலை மூடிவைக்கத் தயங்காதவர் சாக்ஸை எடுக்கலாம். மீதிப் பேருக்கு மேக்ஸ். கடையில் மேக்ஸ் இல்லாமல் ஜான்சன் மட்டும் இருந்தால் அன்றைக்கு ஜான்சனோடு வீடு திரும்புங்கள். மேக்ஸுக்கு விற்பவரிடம் சொல்லிவையுங்கள்.